வெளியேற்றமும் குரலும்

1

'முற்போக்கு' என்ற சொல்லை மேற்கோள்குறிக்குள் அடைத்து எழுதுகிற பழக்கம் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு வெகுநாளாக உண்டு. அதற்குக் காரணங்களும் இருந்தன. அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் குறியைப் போட்டுவிட்டால் அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்ற சௌகரியமும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் குறியை எடுத்துவிட்டு எழுதுகிறேன். அச்சொல்லுக்கு ஸ்தூலமான வரையறை ஒன்று கொடுக்க முயன்ற சில கைதிகளைப் பற்றியும், அவர்களுடைய வரையறைக்குப் பிற்பாடு நேர்ந்த கதியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடைப்பட்ட கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் சின்னத் தீவு வென்டோடேனே. முசோலினி அரசு தன் எதிரிகளை அங்கே காவலில் வைத்திருந்தது. 1941இல், ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டிருந்த சமயத்தில், ஆல்தியேரோ ஸ்பினெல்லியும் எர்னஸ்டோ ரோஸ்ஸியும் அங்கே உட்கார்ந்து சுதந்திரமான, ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதினார்கள். ஸ்பினெல்லி 1927இல், இருபது வயது நிறைவதற்குள் சிறைக்குப் போன கம்யூனிஸ்டு. ஸ்டாலினியத்தை ஒப்புக்கொள்ள மறுத்ததால் 1937இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். ரோஸ்ஸி பொருளாதாரம் படித்தவர். அவர்களோடு விவாதித்தவர், பிறகு 1944இல் ரோமில் அதை முன்னுரையோடு ரகசியமாக அச்சிட்டவர், சோஷலிஸ்டும் தத்துவவாதியுமான யூஜீனியோ கொலோர்னி. அதே ஆண்டு மே மாதம், ரோம் விடுதலையாவதற்குச் சில நாட்களே இருக்க, பாசிஸ்டுகள் அவரைச் சுட்டார்கள். அறிக்கையைத் தீவிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவருடைய மனைவி, பெர்லினில் பிறந்த உர்சுலா ஹிர்ஷ்மன். இந்தக் குடும்பப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; மறுபடி வரும்.

அறிக்கையின் மையமான வாதத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். இனிமேல் முற்போக்கையும் பிற்போக்கையும் பிரிக்கிற கோடு ஒரு நாட்டுக்குள் எவ்வளவு ஜனநாயகம், எவ்வளவு சோஷலிசம் என்ற இடத்தில் ஓடாது. தேசிய அரசைக் கைப்பற்றுவதே லட்சியம் என்பவன், அவன் கொடி எந்த நிறமாக இருந்தாலும், பழைய பாதைக்கே திரும்புவான். தேசங்களைக் கடந்த அரசை உண்டாக்குவதை முதல் வேலையாகக் கொள்பவனே முற்போக்காளன்.

2025 மார்ச்சில் இந்த அறிக்கை திடீரென்று செய்தியானது. ரோமின் பியாஸ்ஸா தெல் போபோலோவில் ஐரோப்பாவுக்காகக் கூடிய கூட்டத்தில் அதன் பெயர் ஓங்கி ஒலித்தது. நாலு நாள் கழித்து, மார்ச் 19 அன்று, பிரதமர் மெலோனி நாடாளுமன்றத்தில் அதன் சில பகுதிகளைப் படித்துக் காட்டினார்: சோஷலிசப் புரட்சி, தனிச்சொத்து, புரட்சிக் கட்சியின் சர்வாதிகாரம் பற்றிய இடங்கள். இது தன்னுடைய ஐரோப்பா அல்ல என்றார். எதிர்க்கட்சி வரிசையில் கூச்சல், சபை நிறுத்தப்பட்டது.

இடதுசாரிகள் கொதித்ததில் நியாயம் உண்டு. பாசிசத்தின் கைதிகள் எழுதியதை, பாசிசத்தின் எச்சத்திலிருந்து கிளைத்த கட்சி மரபைச் சேர்ந்த ஒருவர், எழுதப்பட்ட இடத்தைச் சொல்லாமல் கேலிக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் படித்த பகுதிகள் அறிக்கையில் இருக்கின்றன. அவற்றை முன்வந்து ஏற்கவோ மறுக்கவோ எதிர்த்தரப்பில் அநேகருக்கு மனமில்லை. தியாகிகளை அவமதிக்காதே என்பதுதான் பிரதானமான பதிலாக இருந்தது. ஒரு பிரதி வாசிக்கப்படுவதை நிறுத்திவிட்டு வணங்கப்படத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குப் பரிச்சயமான விஷயம். நம் சூழலில் எத்தனையோ கவிஞர்களுக்கு அது நடந்திருக்கிறது.

2

ஒன்றுபட்ட ஐரோப்பாவை அதே காலத்தில் வேறொருவரும் யோசித்தார். 1939இல் ஹயெக் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. மாநிலங்களுக்கிடையிலான கூட்டாட்சியின் பொருளாதார நிபந்தனைகள் என்ன என்று அது ஆராய்கிறது. சரக்கும் மனிதரும் மூலதனமும் தடையின்றி நகர்கிற கூட்டாட்சியில், உறுப்பு நாடு எதுவும் தன்னிச்சையாகச் சந்தையில் தலையிட முடியாது. மத்திய அரசும் தலையிடுவது கடினம். ஏனென்றால் ஒரு தேசத்துக்காரன் இன்னொரு தேசத்துக்காரனுக்காக நஷ்டப்பட எளிதில் சம்மதிக்கமாட்டான். ஆகவே கூட்டாட்சி என்பது அரசின் கையை இரண்டு தளங்களிலும் கட்டிவிடும். ஹயெக் இதை வரவேற்றார்.

சுவாரஸ்யம் என்னவென்றால், தீவிலிருந்த ரோஸ்ஸிக்குப் பொருளாதார அறிஞர் எய்னாவ்தி அனுப்பிய புத்தகங்களில் ஆங்கிலேயக் கூட்டாட்சிவாதிகள் எழுதியவையும் இருந்தன. அவர்களில் ஒருவரான லயனல் ராபின்ஸ், லண்டனில் ஹயெக்கின் சகா. ஒரே புத்தக அலமாரியிலிருந்து ஒருபுறம் சோஷலிசக் கூட்டாட்சியும் மறுபுறம் சந்தைக் கூட்டாட்சியும் பிறந்தன. உருவமா உள்ளடக்கமா என்று நாம் வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். உருவம் சரியாக இருந்தால் உள்ளடக்கம் தானே வந்துவிடும் என்று அந்தச் சண்டையில் ஒரு சாரார் நம்பினார்கள். ஐரோப்பிய இடதுசாரிகள் செய்த பிழை அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒன்றியம் என்ற உருவமே முற்போக்கு என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள்.

இது கோட்பாட்டளவில் நடந்த பிழை மட்டுமல்ல. 1981இல் பிரான்சில் பதவிக்கு வந்த மித்தரான் அரசு சம்பளத்தையும் அரசுச் செலவையும் உயர்த்திப் பார்த்தது. பிராங்கின் மதிப்பு சரிந்தது. 1983 மார்ச்சில், ஐரோப்பிய நாணய ஏற்பாட்டை விட்டு வெளியேறுவதா, சிக்கனத்துக்குத் திரும்புவதா என்ற நிலை வந்தபோது, மித்தரான் சிக்கனத்தைத் தேர்ந்தார். அப்போது நிதி மந்திரியாக இருந்த டெலோர் 1985இல் ஐரோப்பியக் கமிஷனின் தலைவரானார். ஒரு நாட்டில் முடியாததை ஐரோப்பாவில் செய்வோம் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் வந்தது: பற்றாக்குறை உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், கடன் 60 சதவீதத்துக்குள். பொது நாணயம் உண்டு. அதற்குப் பின்னால் பொது வரி இல்லை, பொதுக் கடன் இல்லை. எங்கள் தொழிலின் பாஷையில் சொன்னால், கிளைகளெல்லாம் ஒரே நோட்டை வழங்கலாம், நஷ்டக் கணக்கு மட்டும் கிளைக்குக் கிளை தனி.

3

உர்சுலாவின் தம்பி ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1933இல் பெர்லினை விட்டு ஓடியவர், ஸ்பெயினில் சில காலம் போரிட்டவர், 1940இல் மார்சேயில் அகதிகள் தப்பிக்க உதவியவர், பிறகு அமெரிக்காவில் பொருளாதாரப் பேராசிரியர். 1970இல் அவர் வெளியிட்ட புத்தகம் 'வெளியேற்றம், குரல், விசுவாசம்'. மெல்லிய புத்தகம். அது கொலோர்னியின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. வென்டோடேனே அறிக்கைக்கு வந்த மிகச் சிறந்த மறுமொழி அந்தக் குடும்பத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஹிர்ஷ்மன் அதை அப்படி உத்தேசித்தாரா என்பது வேறு விஷயம்.

ஒரு ஸ்தாபனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள். விட்டுப் போகலாம், அது வெளியேற்றம். இருந்துகொண்டு சத்தம் போடலாம், அது குரல். நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்த அனுபவத்திலிருந்து இந்த யோசனை அவருக்குப் பிறந்தது. லாரிகள் போட்டிக்கு வந்த பிறகும் ரயில்வே திருந்தவில்லை. யார் அதிகம் சத்தம் போட்டிருப்பார்களோ அவர்களே முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். போகிறவன் போய்விட்டால் குரல் மெலிகிறது. ஆனால் போகவே முடியாதவன் குரலை யாரும் மதிப்பதில்லை. போகக்கூடும் என்ற சாத்தியம் இருக்க வேண்டும். இருந்தும் போகாமல் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் விசுவாசம் வேலை செய்கிறது.

இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு கிரீஸின் கதையைத் திரும்பப் படித்தேன். 2010இல் 11,000 கோடி யூரோ முதல் கடன். அந்தக் கடன் நிறைவேறிய காலத்தில் நடந்தது என்ன? தனியார் வங்கிகள் தம் கையிலிருந்த கிரேக்கப் பத்திரங்களிலிருந்து வெளியேறின. அந்த இடத்தில் ஐரோப்பிய அரசுகள், அதாவது வரி கட்டுகிறவர்கள், வந்து நின்றார்கள். கடனைக் குறைப்பது தாமதமானதால் பழைய கடன்காரர்கள் தப்பிக்க அவகாசம் கிடைத்ததென்று சர்வதேச நிதியமே 2013இல் தன் மதிப்பீட்டில் ஒப்புக்கொண்டது. ஆக முதல் வெளியேற்றம் மூலதனத்துடையது. இரண்டாவது இளைஞர்களுடையது. வேலையில்லாதோர் 27 சதவீதத்தைத் தாண்டிய நாட்டிலிருந்து படித்தவர்கள் லட்சக்கணக்கில் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் போனார்கள். சுதந்திரமாக நகரும் உரிமை ஒன்றியத்தின் பெரிய கொடை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே கொடை ஏதென்ஸின் தெருக்களிலிருந்து உரத்த குரல்களை எடுத்துக்கொண்டு போனது. ரயில்வேக்கு நேர்ந்ததுதான்.

2015 ஜனவரி 25இல் சிரிஸா ஜெயித்தது. ஒரு கடனாளி நாடு பேசத் தீர்மானித்துவிட்டது. சிக்கனம் வேண்டாம், யூரோ வேண்டும் என்றது அந்தக் குரல். ஹிர்ஷ்மனைப் படித்தவனுக்கு அதன் பலவீனம் உடனே தெரியும்: கதவுப் பக்கமே போகமாட்டேன் என்று முன்கூட்டி அறிவித்துவிட்ட குரல் அது. நிதி மந்திரி வரூஃபாகிஸ் பிறகு எழுதிய நினைவுக்குறிப்பில், தன்னிடம் ஒரு எதிர்த்திட்டம் இருந்ததென்றும், இணையான பணப்பட்டுவாடா முறையும் அதில் அடக்கமென்றும், அதைப் பிரயோகிக்கத் தன் சகாக்கள் துணியவில்லையென்றும் சொல்கிறார். கதவு இன்னொருவர் கையில் இருந்தது. ஜூலை மாதம், கிரீஸ் ஐந்து வருஷம் யூரோவை விட்டு விலகியிருக்கலாம் என்ற யோசனையை ஜெர்மன் நிதி மந்திரி ஷொய்ப்ளவின் அமைச்சகம்தான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது. கடனாளியின் வெளியேற்றம் கடன்காரனின் ஆயுதமாகிவிட்டது.

வரூஃபாகிஸின் புத்தகம் விறுவிறுப்பானது. மூடிய அறைகளைப் பற்றியது. யூரோ நாட்டு நிதி மந்திரிகளின் குழு ஒப்பந்தப்படி முறைசாராத கூட்டம். அதன்மேல் வழக்குப் போட முடியாது என்று 2020இல் ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வளவு அதிகாரமுள்ள, விலாசமில்லாத ஒரு அறையை உள்ளிருந்து எழுதிக் காட்டியதற்காக அந்தப் புத்தகம் நிற்கும். ஆனால் அதன் ருசி நாடகத்தின் ருசி: நாயகன், எதிரிகள், துரோகம். அறைக்கு வெளியே நின்றவர்கள் அதில் போதிய அளவு இல்லை.

அவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. ஜூன் 28 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி கிரேக்க வங்கிகளுக்கான நெருக்கடிக் கடனின் உச்சவரம்பை உயர்த்த மறுத்தது. மறுநாள் வங்கிகள் மூடப்பட்டன. இயந்திரத்தில் நாளொன்றுக்கு 60 யூரோ. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதத்துக்குமேல் 'வேண்டாம்' என்றார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஆயிரக்கணக்கான கோடி யூரோ டெபாசிட் கிரேக்க வங்கிகளிலிருந்து வெளியே போயிருந்தது. எடுத்தவர்களெல்லாம் சிக்கனத்தை ஆதரித்தவர்களா? இருக்க முடியாது. காலையில் சேமிப்பை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் சிரிஸாவின் கூட்டத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை 'வேண்டாம்' என்று போட்ட பலர் இருந்திருப்பார்கள். ஒரே மனிதன் வாக்குச்சாவடி வரிசையில் குரல், வங்கி வரிசையில் வெளியேற்றம். அவனுடைய வெளியேற்றமே அவனுடைய குரலின் கழுத்தை நெரித்தது. அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. பிள்ளைக்குப் பால் வாங்குகிறவன் வேறென்ன செய்வான்?

2015இல் நான் அப்படி நினைக்கவில்லை. ஜூலை 13 காலையில், 17 மணி நேரப் பேச்சுக்குப் பிறகு சிப்ராஸ் ஒப்புக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது, நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் துரோகம் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். மறு வருஷம் நவம்பரில் நம் நாட்டில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நான் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தேன். காரணங்கள் வேறு, அரசு வேறு, இரண்டையும் ஒப்பிடவில்லை. வரிசை என்பது என்ன என்று மட்டும் அந்த வாரங்களில் தெரிந்துகொண்டேன். காலையில் கதவு திறக்கும்போது அரசைத் திட்டிக்கொண்டு நின்றவர்கள், பதினோரு மணிக்கு முன்னால் நின்றவரைத் திட்டினார்கள், மத்தியானம் என்னை. அதில் தப்பில்லை, அவர்கள் முன்னால் இருந்தவன் நான்தான். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தன் முறை எப்போது வரும் என்பதே அரசியல். பொதுக் கோபத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு அது. சிப்ராஸ் எதிர்கொண்டது இப்படிப்பட்ட ஒரு நாட்டை. துரோகம் என்ற சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் தோற்றார். தோல்விக்கான ஆயத்தம் இல்லாமல் போனார் என்பதே அவர்மீது என் விமர்சனம்.

4

இதற்குள் ஜெர்மனியில் ஒரு முக்கியமான சர்ச்சை நடந்திருந்தது. சமூகவியலாளர் ஸ்ட்ரீக் 2013இல் எழுதிய புத்தகத்தில் ஹயெக்கின் 1939 கட்டுரையை எடுத்துக்காட்டி, யூரோ அந்தத் திட்டத்தின் நிறைவேற்றமே என்றார். நாணய மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் உரிமையாவது தேசங்களுக்குத் திரும்ப வேண்டும். ஜனநாயகம் எஞ்சியிருப்பது அங்கேதான். ஹாபர்மாஸ் இதை நினைவேக்கம் என்று கண்டித்தார். சந்தை எல்லை தாண்டிவிட்டது; ஜனநாயகமும் தாண்டியாக வேண்டும். ஹிர்ஷ்மன் பாஷையில் ஒருவர் வெளியேற்றத்தைச் சொல்கிறார், மற்றவர் குரலை.

நோய் நிதானத்தில் ஸ்ட்ரீக் சரி. மருந்து பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. 2016 ஜூன் 23இல் பிரிட்டன் 51.9 சதவீத வாக்கில் வெளியேறத் தீர்மானித்தது. வெளியேற்றம் யாருடைய பாஷையில் பேசப்பட்டது, எந்த அந்நியர்களைக் காட்டிப் பேசப்பட்டது என்பதை நாம் பார்த்தோம். அதற்குப்பின் கண்டத்து இடதுசாரிகள் அந்தச் சொல்லை மெல்லக் கைவிட்டார்கள். பிரான்சில் 2017இல் மெலன்ஷோன் ஒப்பந்தங்களை விட்டு வெளியேறும் மாற்றுத் திட்டம் பற்றிப் பேசினார். 2022இல் இடதுசாரிக் கூட்டணியின் பேச்சு உள்ளிருந்தபடியே சில விதிகளுக்குக் கீழ்ப்படிய மறுப்பது என்றானது. ஹாபர்மாஸிடம் குறை வேறு. குரல் எங்கிருந்து வரும்? ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் இன்றும் 27 தேசியத் தேர்தல்கள். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான பட்டியலிலிருந்து 28 பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2022இல் நாடாளுமன்றமே தீர்மானித்தது. 2024 தேர்தல் அது இல்லாமலேயே நடந்து முடிந்தது.

ஆனால் நடுவில் 2020 இருக்கிறது. தொற்று பரவிய மார்ச் 25 அன்று ஒன்பது நாடுகளின் தலைவர்கள் பொதுக் கடன் பத்திரம் வேண்டும் என்று ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ் மட்டுமல்ல, பிரான்ஸும் பெல்ஜியமும்கூட. நெதர்லாந்து முதலான நாலு நாடுகள் எதிர்த்தன. ஜூலையில் 75,000 கோடி யூரோ மீட்பு நிதி முடிவானது. அதில் 39,000 கோடி திருப்பித்தர வேண்டாத மானியம். பணம் ஒன்றியத்தின் பெயரில் வாங்கிய கடன். 2015இல் சட்டப்படி சாத்தியமில்லை என்ற காரியம் அது. ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ஆகவே சாத்தியமின்மை சட்டத்தில் இருந்ததில்லை; கிரீஸ் தனியாக நின்றதில் இருந்தது. பதினெட்டுப் பேருக்கு எதிரே ஒருவன். 2020இல் பேசியவர்கள் கூட்டமாகப் பேசினார்கள். இத்தாலியைக் கதவுக்கு வெளியே தள்ளினால் வீடே இடியும் என்ற பயமும் மறுதரப்புக்கு இருந்தது.

கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் இடதுசாரிகள் அல்லர். வழி திறந்தது மெர்க்கலும் மக்ரோனும் ஒப்புக்கொண்ட பிறகுதான். முற்போக்குக் கட்சிகள் அதைக் கேட்டு வாங்கிய வெற்றியாக நிலைநிறுத்தவில்லை. ஒருமுறை நடந்த விதிவிலக்கு என்று பெயரிடப்பட்டபோது போதிய அளவு எதிர்க்கவுமில்லை. 2024இல் நிதி விதிகளைத் திருத்தினார்கள். 3ம் 60ம் அப்படியே இருந்தன. 2025இல் ஆயுதத்துக்காக 80,000 கோடி யூரோ திரட்டும் திட்டம் வந்தபோது, பாதுகாப்புச் செலவுக்கு மட்டும் விதி தளர்ந்தது. ரஷ்யப் படை உக்ரைனில் இருக்கும்போது அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆஸ்பத்திரிக்கு வளையாத விதி பீரங்கிக்கு வளைந்தது என்பதும் பொய்யல்ல. மெலோனி அந்த அறிக்கையைப் படித்துக் காட்டியது இந்தத் திட்டம் விவாதத்தில் இருந்த அதே வாரத்தில்.

5

வென்டோடேனேக்குத் திரும்புகிறேன். அறிக்கையின் உண்மையான ஊனம் மெலோனி சொன்னதல்ல. யார் குரலில் இந்த ஐரோப்பா பேசும் என்பதற்கு அதில் பதில் இல்லை. புரட்சிகரச் சிறுபான்மை ஒன்று வழிநடத்தும், மக்கள் பின்னால் வருவார்கள் என்று அது நம்பியது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் கட்சியின் பழக்கம் போகவில்லை. பிறகு வந்த ஒன்றியமும் அந்தப் பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. புரட்சிக்காரர்கள் இருந்த இடத்தில் நிபுணர்கள் வந்தார்கள்.

ஸ்பினெல்லி இதைப் பின்னாளில் உணர்ந்திருக்க வேண்டும். 1980இல் ஸ்ட்ராஸ்பூரில் 'முதலை' என்ற பெயருள்ள உணவகத்தில், கட்சி பேதமில்லாமல் சில உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். 1984 பிப்ரவரி 14இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவருடைய ஒப்பந்த வரைவை நாடாளுமன்றம் 237க்கு 31 என்று ஏற்றது. அரசுகள் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எழுதிக்கொண்டன. 1986இல் அவர் இறந்தார். பிரஸ்ஸல்ஸில் நாடாளுமன்றக் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது.

நீ எந்தப் பக்கம், ஸ்ட்ரீக்கா ஹாபர்மாஸா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கைதிகள் போட்ட கோட்டின் இந்தப் பக்கம்தான் இன்னும் நிற்கிறேன். தேசத்துக்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் முற்போக்காளன் ஆகிவிடலாம் என்பதையும் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லை தாண்டிய தொழிற்சங்கம், எல்லை தாண்டிய வேலைநிறுத்தம், நெருக்கடி வருவதற்கு முன்பே எழுதப்பட்ட ஒன்பது பேரின் கடிதம் — இவை இல்லாத ஐரோப்பா, ஹயெக் வரைந்த படம்தான். இவற்றை யார் செய்வார்கள் என்று கேட்டால் என்னிடம் பெயர்கள் இல்லை. அடுத்த நெருக்கடியில் வங்கிகள் மூடும்போது, லிஸ்பனில் வரிசையில் நிற்பவனுக்காக ஹாம்பர்க் துறைமுகத்தில் ஒருவன் வேலையை நிறுத்துவானா என்பதை வைத்துத்தான் நான் இந்த விஷயத்தைத் தீர்மானிப்பேன். இப்போதைக்கு அவன் நிறுத்தமாட்டான் என்றே நினைக்கிறேன்.